சொட்டும் குழாயும் ஒரு குவளையும்

நீர்ச் சிக்கனத்தைப் பிள்ளைகளுக்கு வாயால் உபதேசிப்பதைவிட, அவர்களையே அளக்கச் செய்வது சிறந்த பாடமாகும். அதற்குச் செலவும் இல்லை.

சொட்டும் குழாயின் கீழே 200 மில்லி லிட்டர் கொள்ளும் குவளையை வைத்து, நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால், ஒரு நாளைக்கு 24 குவளை, அதாவது 4.8 லிட்டர். 30 நாட்களில் 144 லிட்டர்! 15 லிட்டர் குடத்தில் ஏறத்தாழப் பத்துக் குடம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற தாய்மார்கள் அதன் மதிப்பை அறிவர். கணக்கிட்ட பிள்ளையே, "வாஷரை மாற்றுங்கள், வாப்பா" என்று கேட்கும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ். இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவே முத்து. நாமோ குழாயைத் திறந்துவிட்டபடியே உளூவை முடிக்கிறோம். பிள்ளைகளின் கையில் ஒரு செம்பைக் கொடுங்கள். அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் பொறுப்பையும் அவர்களிடமே விடுங்கள்.

அளந்து பழகிய சின்னக் கைகள், வளர்ந்த பின்னும் நீரை வீணாக்கமாட்டா, இன்ஷா அல்லாஹ்.