தொழிலுக்கு ஒரு வழிகாட்டி

சிலாங்கூரில் புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறீர்கள்; அடுத்துப் பேரங்காடிக்கும் கொடுக்க ஆசை. மலேசிய நிறுவன ஆணையத்தில் (எஸ்எஸ்எம்) பதிவு, ஹலால் சான்றிதழ், பாக்கெட் லேபிள்... எதை முதலில் செய்வது? அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவரைக் கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம். கேஸ் செலவையும் உங்கள் உழைப்பையும் விலையில் சேர்த்தீர்களா என்றும் அவர் கேட்பார். தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் இளையோருக்கு, சிலாங்கூரின் டிஜிட்டல் பொருளாதாரக் கழகமான சிடெக் நடத்தும் ஆக்சிலரேட்டர் திட்டத்தில் அனுபவசாலிகளின் வழிகாட்டல் கிடைக்கிறது. வழிகாட்டலோடு கடனுதவியும் தேடும் இந்தியச் சிறுதொழில் முனைவோருக்கு, அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் உண்டு. வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது கணக்குப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். லாபத்தை மட்டுமல்ல, நட்டத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். அப்போதுதான் சரியான ஆலோசனை கிடைக்கும்.