திரையில் ஆடும் பாவை

பாலாற்றங்கரையில் உள்ள இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. முன்னாளில் இங்கு ஆவாரம்பட்டை ஊறிய நீரிலே தோலைப் பதப்படுத்தினர். அவ்வாறு பதப்பட்ட தோல் உரம் பெறும். ஒளியைத் தன்னூடே செல்ல விடாது. பதனிடாமல், மயிரும் ஊனும் நீங்கச் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்திய ஆட்டுத் தோலோ கண்ணாடியை ஒத்து விளக்கொளியை உள்வாங்கும். அத்தோலில் உருவங்களை வெட்டி, வண்ணம் தீட்டி, வெண்டிரைக்குப் பின்னே விளக்கேற்றி ஆட்டுவதே தோற்பாவைக் கூத்து.

மாணவர்களே! அவ்வெண்டிரை இருந்த இடத்தில் இன்று கணிப்பொறியின் திரை நிற்கின்றது. நீங்கள் வீடியோ கேம் என்று வழங்கும் ஆட்டத்திலும் பாவைகளே ஆடுகின்றன. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பாவைக் கூத்தில் ஆட்டுவிப்பவர் ஒருவர், காண்பவர் பலர். இவ்வாட்டத்தில் ஆட்டுவிப்பவனும் காண்பவனும் ஒருவனே. ஆதலால் பாவை பிழைபட ஆடினால் அவ்விருவருக்கும் உரிய துன்பத்தை அவன் ஒருவனே அடைகின்றான். இதனை மனத்திற்கொண்டு, நம் நாட்டிலே பிறந்த ஓர் ஆட்டத்தை ஆராய்வோம்.

பூனா நகரில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், ‘ராஜி: ஓர் பழங்காவியம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் ஒரு போர் விளையாட்டை 2020-ஆம் ஆண்டு வெளியிட்டது. அவிச்சல் சிங், சுருதி கோஷ், இயன் மாட் என்போர் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்கள். ராஜி என்பவள் வித்தை காட்டிப் பிழைக்கும் ஏழைச் சிறுமி. நம் நாட்டுக் கழைக்கூத்தர் இனத்தாள் என்றே கொள்ளலாம். அவளுடைய தம்பி கோலு. உடன்பிறந்தார் அன்பைப் போற்றும் இரட்சாபந்தன விழாவன்று அரக்கர் புகுந்து சிறுவர்களைக் கவர்ந்து செல்கின்றனர்; கோலுவும் அவர்களுள் அகப்படுகின்றான். தம்பியைத் தேடிப் புறப்படும் தமக்கைக்குத் துர்க்கை திரிசூலமும், திருமால் சார்ங்கம் என்னும் வில்லும் துணையாகின்றன. மகாபலாசுரன் என்பான் அரக்கர் தலைவன்.

கதை எளியது. அதனைச் சொன்ன முறையோ புதியது. துர்க்கையும் திருமாலும் விண்ணில் இருந்து தம்முள் உரையாடிக்கொண்டே அச்சிறுமியின் செயல்களை நமக்கு எடுத்துரைக்கின்றனர். கட்டியங்காரன் கதையை நடத்திச் செல்லும் தெருக்கூத்தைக் கண்டு பழகிய வட ஆர்க்காட்டு மக்களுக்கு இம்முறை அயலாகத் தோன்றாது. கதையின் சில பகுதிகள் நிழற்பாவைக் காட்சிகளாகவே விரிகின்றன. ஆட்டுத் தோலில் ஆடிய பாவை, தோலும் விளக்கும் இல்லாத உலகிற் புகுந்து மீண்டும் ஆடுவது வியப்பன்றோ! இராசத்தான் நாட்டுக் கோட்டைகளையும் மாடங்களையும், பகாரி ஓவியங்களின் வண்ணங்களையும் உளத்திற்கொண்டு, சுவரும் தூணும் கையால் தீட்டப்பெற்றுள்ளன. சுவரோவியத்தின் முன் நின்றால் தெய்வங்கள் அதன் கதையை உரைக்கும். என் பேரன் இதனை ஆடியபோது, அம்மாடங்களைக் கண்ணாரக் காணும் பொருட்டு, “சற்று நில்லப்பா” என்று நான் பன்முறை கூற நேர்ந்தது. “அரக்கர் நிற்க விடமாட்டார்கள், தாத்தா” என்றான் அவன்.

போரிலும் ஒரு நயம் உண்டு. ராஜி சுவரின்மேல் ஓடி ஏறி, அங்கிருந்து பாய்ந்து தாக்குவாள். தூணைப் பற்றிச் சுழன்று பகைவரை வீழ்த்துவாள். கழைக்கூத்தாடும் சிறுமியின் தொழிலே அவளுடைய படைக்கலமாகின்றது. பாத்திரத்தின் பண்பிலிருந்து செயலைப் பிறப்பித்தல் நல்ல காவியப் புலவர் கையாளும் நெறி. இதனைச் செய்தவர் அந்நெறி அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

இனிக் குறைகளைக் காண்போம். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலார் வகுத்தார். அவை நூலுக்கேயன்றி, மனிதர் தொகுத்து அமைக்கும் எதற்கும் பொருந்துவன. ராஜியை ஆடி ஆராய்ந்தோர் பலர் கூறிய குறைகளை அவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஒரே வகை அரக்கரொடு மீண்டும் மீண்டும் பொருதல் ‘கூறியது கூறல்’. காட்சியைக் காட்டும் கண் ஆடுவோன் கையில் இராமல் ஓரிடத்தே நிற்பதால், தாவ வேண்டிய தொலைவு விளங்காமற் போவது ‘மயங்க வைத்தல்’. ஐந்து மணி நேர அளவில் ஆட்டம் முடிந்துவிடுதல் ‘குன்றக் கூறல்’. எல்லாவற்றினும் பெரிது, எடுப்பும் தொடுப்பும் சிறந்து விளங்கிய கதை, தம்பியைத் தேடிய வேட்கைக்கு நிறைவு தாராமல் திடுமென ஓய்ந்துவிடுவது. இதனைச் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதினும் பொருத்தமாகக் கூறுதல் அரிது.

நன்னூலில் இல்லாத ஒரு குறையும் உண்டு. அது காலம் பற்றியது. திரையில் ஒரு நொடிக்கு முப்பது அல்லது அறுபது படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுவதால் அசைவு பிறக்கின்றது. ஆடுவோன் பொத்தானை அழுத்தியதும், அடுத்த ஓரிரு படங்களுக்குள்ளாகவே பாவை அசையத் தொடங்குதல் வேண்டும். பாவை முன்னரே ஒரு வீச்சைத் தொடங்கியிருப்பின், அவ்வீச்சு முடியும்வரை புதிய கட்டளையை அது ஏலாது நிற்கலாம். அதற்குள் பகைவன் அடித்துவிடுவான். கண்ணால் அளக்கவொண்ணாத அச்சிறு பொழுதையும் விரல் உணரும். மத்தளத்தின் அடி சிறிது பிந்தினும் கூத்தாடுபவனின் கால் தடுமாறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ராஜியின் போர் விரலுக்கு விரைந்து இசையவில்லை என்பதே பலர் கூறிய முறையீடு.

ஆம்பூர்த் தொழிலாளரிடம் கேட்டால் இதனை வேறு சொற்களால் விளக்குவர். காலணியின் மேற்பகுதியை ‘அப்பர்’ என்பர். அது பட்டுப்போல் மின்னலாம். தையல் நேர்கோட்டில் ஓடலாம். ஆயினும் அதனை அச்சின்மேல் இழுத்துப் பொருத்தும்போது சிறிது கோணிவிட்டால், அணிந்தவன் குதிகாலைக் காலணி கடிக்கும். கடைக் கண்ணாடியில் அக்குறை தெரியாது, நடந்தால்தான் தெரியும். ராஜியின் ஓவியம் கண்ணாடிக்குள் இருந்த அப்பர். அதன் போர் நடந்து பார்த்த காலணி.

இக்குறைகள் எவ்வாறு நேர்ந்தன? இந்நிறுவனத்தார் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணைய வழியில் 2017-ஆம் ஆண்டு பொதுமக்களிடம் பொருள் திரட்ட முயன்றனர். வேண்டிய தொகை சேரவில்லை. அம்முறையில் தொகை முழுதும் சேர்ந்தாலன்றி ஒரு காசும் கைக்கு வாராது. பெருஞ்செல்வமுள்ள மேலைநாட்டு நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலையை, இவர்கள் மிகச் சிலராய் நின்று செய்தனர். 2020 ஆகஸ்டு 18-ஆம் நாள் நின்டெண்டோ சுவிட்ச் என்னும் கருவியிலும், அக்டோபர் 15-ஆம் நாள் கணிப்பொறி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும் ஆட்டம் வெளிவந்தது. அவ்வாண்டு உலக அளவில் நடைபெற்ற தி கேம் அவார்ட்ஸ் விழாவில், புதியோரின் முதற்படைப்புக்குரிய பரிசுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஐந்தனுள் ராஜியும் ஒன்று. பரிசு ஃபாஸ்மோஃபோபியா என்னும் வேறோர் ஆட்டத்திற்குச் சென்றது. வறுமையில் விளைந்தது என்பதற்காகக் குற்றத்தைக் குணமென்று கூறுதல் தகாது. அவ்வறுமையை அறியாமல் குற்றம் மட்டும் கூறுதலும் நடுவுநிலைமை ஆகாது.

கப்பலேறிய காலணியை மீட்டுத் தைக்க இயலாது. கணினி ஆட்டத்தையோ, விற்ற பின்னரும் திருத்தலாம். 2022-ஆம் ஆண்டு ராஜியின் திருத்திய பதிப்பு வந்தது. போர்முறையைச் செப்பம் செய்தனர்; மாந்தரின் அசைவையும் முகக்குறிப்பையும் மேம்படுத்தினர்; இந்தி மொழிக் குரலையும் சேர்த்தனர். இவ்விடத்தில் ஒரு நுட்பம் அறியத்தக்கது. வீச்சின் வேகத்தையும் அரக்கரின் வலிமையையும் மாற்றுதல் பெரும்பாலும் எண்களை மாற்றிச் சரிபார்க்கும் வேலை. குன்றிய கதையை வளர்த்தற்கோ புதிய கோட்டைகள் தீட்டவேண்டும். புதிய குரல்கள் பேசவேண்டும். அவற்றுக்கெல்லாம் மீண்டும் பொருள் தேடவேண்டும்.