மலிவு எஞ்சினின் முழு விலை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மாதிரி விமானம் வாங்குவோருக்கு

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்துக்கு முதன்முறையாக எஞ்சின் வாங்குவோர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கின்றனர். ஆனால் கடலூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை, அந்த எஞ்சின் எதைக் குடித்து ஓடுகிறது, எவ்வளவு கனமான விமானத்தைத் தூக்குகிறது என்னும் இரண்டு கேள்விகளே செலவையும் அபாயத்தையும் சட்டப் பொறுப்பையும் ஒருசேரத் தீர்மானிக்கின்றன. கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் எஞ்சின் அதன் எரிபொருளால் முழுத் தொல்லையாக முடிவதற்கு இம்மாவட்டத்தில் தனிக் காரணம் உண்டு.

மாதிரி விமானங்களில் பல்லாண்டுகளாகப் புழங்கிவருவது குளோ எஞ்சின் எனப்படும் சிறு இருவீச்சு எஞ்சினாகும். இதில் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் தீப்பொறி தரும் பிளக் இல்லை. மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் கொண்ட குளோ பிளக்கை ஒன்றரை வோல்ட் பேட்டரியால் முதலில் சூடாக்கி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டால், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் வினைபுரிந்து எழுப்பும் வெப்பமே கம்பியைத் தொடர்ந்து கனலச் செய்கிறது. கன அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் 40, 46 என்று பெயரிடப்படும் பயிற்சி எஞ்சின்கள் முறையே சுமார் 6.5, 7.5 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையவை. இவற்றின் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால்; ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ சேர்கிறது; சிறிதளவு நைட்ரோமீத்தேனும் கலக்கப்படுவதுண்டு. எண்ணெயைக் குறைத்தால் காசு மிச்சம் என்று எண்ணுவோர் உண்டு. எரிபொருளோடு வரும் அந்த எண்ணெயைத் தவிர எஞ்சினுக்கு வேறு மசகு கிடையாது என்பதால், அந்த மிச்சம் பிஸ்டன் தேய்மானமாகத் திரும்பி வரும்.

மெத்தனால் என்ற சொல் கடலூர் மாவட்டத்துக்குப் புதியதன்று. 2001 இறுதியில் பண்ருட்டி வட்டாரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்குப் பலியாயினர். ஆகவே இவ்வட்டாரத்தில் மெத்தனால் கேன் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பவரைக் காவல்துறை பொழுதுபோக்குக்காரர் என்று முதற்பார்வையிலேயே எடுத்துக்கொள்ளும் என எதிர்பார்ப்பதற்கில்லை, எதிர்பார்க்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருத்தல், எடுத்துச்செல்லுதல், விற்றல் ஆகியவற்றை மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் 1959-இல் வகுக்கப்பட்ட, இயல்பு நீக்கிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கான விதிகள் உரிமத்துக்கு உட்படுத்துகின்றன. கலவையில் எண்ணெய் சேர்ந்திருப்பதால் அது மெத்தனால் ஆகாது என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்குவது அறிவுடைமை ஆகாது. அவரது உரிம எண்ணைக் கேட்டு, அது பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், தனிநபராக எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மதுவிலக்கு, ஆயத்தீர்வைப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டுப் பதிலைப் பாதுகாப்பதும் எஞ்சின் வாங்குவதற்கு முன்னரே செய்யவேண்டியவை. சென்னையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடலாம் என்பதும் நடக்காது. ஆபத்தான பொருள்களைப் பெட்டியில் கொண்டுவருவதை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது, அஞ்சலும் தீப்பற்றும் திரவத்தை ஏற்காது.

உடல்நல அபாயம் இதனினும் பெரிது. உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லிலிட்டர் அளவே பார்வையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடும். குடித்தால் மட்டுமே ஆபத்து என்பதும் தவறு, ஏனெனில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே செல்லும். அறிகுறிகள் பல மணி நேரம் தாமதித்தே வெளிப்படுவதால், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த எரிபொருளைச் சிறுவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைத்து, எரிபொருள் டப்பாவையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வாந்தியெடுக்கச் செய்வதோ வீட்டு வைத்தியம் பார்ப்பதோ கூடாது. தீயைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மெத்தனால் ஆவி சுமார் 11 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் தன்மையது, அதன் சுடர் பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாது. தேவனாம்பட்டினம் கடற்கரையின் காலை வெயிலில் ஒருவர் கை எரிவதை அருகில் நிற்பவர் அவரது அலறலால்தான் அறிவார்.

கடற்கரை வட்டாரத்துக்கே உரிய இன்னொரு குறையும் இந்த எஞ்சினுக்கு உண்டு. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடி தளர்ந்த கேனில் ஒரு மழைக்காலம் கிடந்த எரிபொருள் எஞ்சினைச் சீராக ஓடவிடாது. பறத்தல் முடிந்தபின் தொட்டியைக் காலிசெய்து, எஞ்சினுக்குள் பாதுகாப்பு எண்ணெய் விட்டுச் சுழற்றிவைக்காவிட்டால், உள்ளே தங்கும் ஈரமும் எரிந்த மிச்சமும் எஃகு பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். இதனால்தான், பேரிங் இல்லாமல் வெண்கல உறையில் தண்டு சுழலும் எளிய எஞ்சின், சக்தியில் சற்றுக் குறைந்தாலும், தொடக்கநிலையாளருக்கு நெடுநாள் உழைக்கிறது. பயன்படுத்திய எஞ்சினை வாங்குவோர் குளோ பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கவேண்டும். மணலை அரைப்பதுபோன்ற கரகரப்பு கையில் தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது என்றே பொருள். பிளக்கைத் திரும்ப மாட்டிச் சுழற்றும்போது, பிஸ்டன் மேலே வரும் இடத்தில் இறுக்கம் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால், அந்த எஞ்சினை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை. பெட்ரோலில் ஓடும் மாதிரி எஞ்சின்கள் எரிபொருள் தேடும் தொல்லையைத் தீர்த்தாலும், அவை பெரிய விமானங்களுக்கு உரியவையாதலால் முதல் விமானத்துக்குப் பொருந்தா.

எடைக் கேள்வியைச் சட்டமே எழுப்புகிறது. ட்ரோன் விதிகள், 2021 என்பவை நாற்சுழலிகளுக்கு மட்டுமானவை என்று பலர் கருதினாலும், இறக்கை விமானங்களும் அவற்றுள் அடங்கும். அவ்விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோ வரை சிறியது என வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. நானோ விமானத்தையும், வணிக நோக்கமின்றி மைக்ரோ விமானத்தையும் இயக்குபவருக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. 40 அளவு குளோ எஞ்சின் பூட்டிய வழக்கமான மரப் பயிற்சி விமானம் எரிபொருளோடு 2 கிலோவைத் தாண்டிவிடுவதால், எஞ்சினைத் தேர்ந்த கணத்திலேயே வாங்குபவர் தம்மை அறியாமல் சான்றிதழ் தேவைப்படும் வகைக்குள் சென்றுவிடுகிறார். அச்சான்றிதழோ 18 வயது நிரம்பியவருக்கே கிடைக்கும் என்பதால் பள்ளி மாணவருக்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. ஒரு கிலோ அளவுள்ள தெர்மோகோல் வகை விமானத்தில் மின்மோட்டார் பூட்டினால் இச்சிக்கல் எழுவதில்லை. எனினும் பதிவு எண் பெறுவதும், நானோ அல்லாதவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுப்பதும் கடமைகளாகவே நிற்கின்றன.

ஆகவே இவ்வட்டாரத்தில் கற்கத் தொடங்குபவருக்குக் காசுக்கேற்ற எஞ்சின் எனத்தக்கது மின்மோட்டாரே; எஞ்சின் ஒலியின் மேல் உள்ள ஆசை வேறு, முதல் விமானத்தின் தேவை வேறு. மின்மோட்டாரிலும் ஏமாறும் இடங்கள் உள்ளன. மோட்டாரின் மேல் 2212, 1000 கேவி என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் உள்ளே உள்ள கம்பிச்சுருள் கூட்டின் 22 மில்லிமீட்டர் விட்டத்தையும் 12 மில்லிமீட்டர் உயரத்தையும் குறிப்பது. கேவி என்பதோ கிலோவோல்ட்டும் அன்று, சக்தியும் அன்று, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன் அளவு. கேவி கூடினால் மோட்டார் வலுவானது என்று சொல்லி விற்பவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர். பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 220 வாட் வரை போதும். மூன்று செல் லித்தியம் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் 18 ஆம்பியர் இழுத்தால் 200 வாட் கிடைத்துவிடும். பேட்டரி உறையில் பெரிதாக அச்சிடப்படும் சி என்னும் எண்ணை ஆம்பியர்-மணிக் கொள்ளளவால் பெருக்கினால் அது தரக்கூடியதாகச் சொல்லப்படும் மின்னோட்டம் வரும்: 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரியில் 25 சி என்றால் 55 ஆம்பியர். இந்த எண் தாராளமாக மிகைப்படுத்தப்படுவது சந்தை வழக்கம் என்பதால், தேவைக்கு இருமடங்கு எழுதியதை வாங்குவதே பாதுகாப்பு.

லித்தியம் பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப்பட்டாலோ, விழுந்து நசுங்கினாலோ தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியை ஒருமுறை மட்டும் சார்ஜ் போட்டுப் பார்ப்போம் என்ற முயற்சியே பல வீட்டுத் தீ விபத்துகளுக்குத் தோற்றுவாய். செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில், ஆள் பார்வையில், சிமென்ட் தரையின் மேல் வைத்தே சார்ஜ் செய்யவேண்டும். மின்மோட்டாருக்கு மட்டுமான ஓர் அபாயமும் உண்டு: குளோ எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது, மின்மோட்டாரோ பேட்டரியை இணைத்த நொடியிலேயே ஓசையின்றிச் சுழலக்கூடும். 10 அங்குல விசிறி நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது; விரலுக்கு அது கத்தியேதான். மேசையில் சோதிக்கும்போதெல்லாம் விசிறியைக் கழற்றிவைப்பதும், பறக்கும் இடத்தில் அதன் பின்புறமே நிற்பதும் இதனால்தான் விதியாகின்றன.

பறக்கும் இடத்தைப் பொறுத்தவரை, அரசு வெளியிட்டுள்ள வான்வெளி வரைபடத்தில் பச்சை நிறப் பகுதியில் 400 அடி வரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரி விமான நிலையமும் மாவட்டத்துக்குள் நெய்வேலி விமானத் தளமும் இருப்பதால், வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்லது. சிதம்பரத்தைச் சுற்றிச் சம்பா அறுவடை முடிந்த வயல்கள், உரிமையாளரின் இசைவோடு, நல்ல களங்களாகின்றன; கோயில் வீதிகளும் வெள்ளிக் கடற்கரையின் மாலைக் கூட்டமும் களங்கள் ஆகா. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

குறைபாடுள்ள மோட்டாரோ எஞ்சினோ வந்து சேர்ந்தால் வாங்கியவருக்குள்ள தீர்வுகள் பலரும் நினைப்பதைவிட வலுவானவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தர மறுப்பதையும், பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்னும் கடைப்பலகை இச்சட்டத்தின்முன் செல்லாது. இணையவழியில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அதிலும் தீராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் உள்ளன. விற்றவர் தில்லியில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலேயே, இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் கட்டாயமில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்த காணொளி, பில், எச்சரிக்கைத்தாள், இறக்குமதியாளர் பெயருள்ள உறை ஆகியவை அங்கே சாட்சிகளாகும். மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்த்தபின் புகார் கொடுத்தால் குறை யாருடையது என்ற வாதம் எழும்.

இத்தீர்வுகள் எட்டாத இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, வெளிநாட்டு இணையக்கடை. அங்கிருந்து பறக்கத் தயாரான முழு விமானத்தை வரவழைத்தால், முழு ட்ரோன்களின் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் அரசு தடைசெய்திருப்பதால் அது சுங்கத்திலேயே தேங்கக்கூடும். மோட்டார் போன்ற உதிரிப்பாகங்களுக்கு அத்தடை இல்லை. இரண்டாவது, ஒரு பொழுதுபோக்காளர் இன்னொருவருக்குக் கைமாற்றும் பழைய எஞ்சின். விற்பவர் வணிகர் அல்லர் என்பதால் நுகர்வோர் ஆணையம் அங்கே கைகொடுக்காது, 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தையே நாடவேண்டியிருக்கும். ஆகவே பழைய எஞ்சினைப் பொறுத்தவரை, விற்பவரின் முன்னிலையில் இரண்டு தொட்டி எரிபொருள் தீரும்வரை அதை ஓடவிட்டுப் பார்த்து, அது ஓடியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டபின் பணத்தைக் கொடுப்பதே வாங்குபவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய காப்பாகும்.