சி-பாப் போட்டால் காது ஏன் அடைக்கிறது?

தி.நகர் அடுக்குமாடியில் ஏசி போட்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்கக் காற்றூதும் சி-பாப் கருவியின் முகமூடியையும் மூக்கில் மாட்டிப் படுப்பவருக்குக் குறட்டை அடங்கிவிடும். காலையில் காது அடைத்திருக்கும். எச்சில் விழுங்கினால் ‘டப்’பென்று திறக்கும். மூக்கில் மாட்டியதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள யூஸ்டேஷியன் குழாய் இணைக்கிறது. வழக்கமாக மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு அறிமுகப்படுத்திய சி-பாப், தூக்கத்தில் சரிந்து மூடிக்கொள்ளும் தொண்டையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கிறது. அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்த அளவு. அந்தக் காற்றுக்குத் தொண்டை எது, காது எது என்று தெரியுமா? குழாய் திறக்கும் நேரம் பார்த்து மேலேறி, செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளிவிடுகிறது.

சளி பிடித்தால் தொல்லை கூடும். மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கி, பனியில் வீடு திரும்பும் மயிலாப்பூர் ரசிகருக்கு மூக்கடைத்தால் குழாயின் வாயும் வீங்கும். ஏறிய காற்று எளிதில் இறங்காது. ஏசியின் வறண்ட காற்று வேறு மூக்கை உறுத்தும்.

உடனே கருவியைப் பரணில் ஏற்றிவிடத் தோன்றும். அது தப்பு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது திரும்பிவிடும். கருவியிலுள்ள, காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பயன்படுத்தலாம். அழுத்தத்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். காதில் வலி, சீழ், மந்தம் இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.