படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

நம் நாட்டில் பல வீடுகளில் ஒரு மத நூலாவது இருக்கும். ராமாயணம் இருக்கும். கீதை இருக்கும். குரான் இருக்கும். பைபிள் இருக்கும். அதைத் துணியில் சுற்றி உயரத்தில் வைத்திருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பலரும், "பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்" என்பார்கள்.

பிறர் சொல்லக் கேட்பது ஒன்று. நாமே படிப்பது வேறு. நாமே படித்தால்தான், "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று நாம் சொல்ல முடியும்.

அடுப்படியில் படித்த பெண்

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி என்ற பெண் பிறந்தார். அந்தப் பகுதி இன்று வங்காளதேசம். அவருக்கு 12 வயதில் திருமணம் நடந்தது. பெரிய குடும்பம். சமைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவுமே நேரம் போதவில்லை.

பெண் படித்தால் விதவை ஆகிவிடுவாள் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அதனால் அவருக்கு யாரும் எழுத்துச் சொல்லித் தரவில்லை. ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சைதன்ய பாகவதம் என்ற பக்தி நூலைத் தானே படிக்க வேண்டும். கனவில்கூட அந்த நூலைப் படித்தார்.

ஒரு நாள் அந்த நூலிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனை ஓலை ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் அடுப்படியில் மறைத்து வைத்தார். வேலைக்கு நடுவே எடுத்துப் பார்ப்பார். இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிடுவார். யாராவது வந்தால் மறைத்துவிடுவார். இப்படியே மெல்ல மெல்லப் படிக்கக் கற்றார்.

பிறகு எழுதவும் கற்றார். தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அந்த நூலின் பெயர் 'அமார் ஜீபன்'. 'என் வாழ்க்கை' என்று பொருள். 1876-ல் அது அச்சில் வந்தது. பெண்களைப் படிக்க விடாதது அநியாயம் என்று அதில் எழுதினார். கடவுள் மேல் அவருக்கு இருந்த பக்தி குறையவில்லை. ஆனால் ஊர் சொன்ன எல்லாவற்றையும் அவர் ஏற்கவில்லை.

ஒரே நூல், வேறு வேறு கருத்து

ஒரு நூலைப் பலர் படித்தால் எல்லாருக்கும் ஒரே கருத்து வருமா? வராது. பகவத் கீதையை எடுத்துக்கொள்வோம். அது சமஸ்கிருதத்தில் உள்ளது. அந்த மொழி படித்தவர்கள் சிலரே. எனவே ஞானேசுவரர் என்ற மகான் 1290-ல் அதற்கு மராத்தியில் விளக்கம் பாடினார். சாதாரண மக்களுக்கும் கீதை புரிந்தது.

திலகரை வெள்ளையர் அரசு பர்மாவில் மாண்டலே சிறையில் அடைத்தது. அங்கே அவர் கீதை பற்றி ஒரு நூல் எழுதினார். 1915-ல் அது வெளிவந்தது. உலகத்தை விட்டு ஒதுங்காதே, கடமையைச் செய் என்பதே கீதையின் சாரம் என்றார் திலகர்.

காந்தியடிகள் இளைஞராக லண்டனில் படித்தபோதுதான் முதன்முதலில் கீதையைப் படித்தார். அதுவும் ஆங்கிலத்தில்! அதுவரை படிக்கவில்லையே என்று வெட்கப்பட்டார். பின்னாளில் அவரே அதைக் குஜராத்தியில் எழுதினார். அதிகம் படிக்காதவர்களுக்காக எழுதினார். அது 1930-ல் வந்தது. கீதையில் வரும் போர் நம் மனத்துக்குள் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர் என்பது அவர் கருத்து.

வினோபா 1932-ல் துலே சிறையில் இருந்தார். ஞாயிறுதோறும் மற்றக் கைதிகளுக்கு கீதையை எளிமையாக விளக்கினார். சானே குருஜி என்பவர் கூட இருந்து அதை எழுதி வைத்தார். அது நூலாகிப் பல மொழிகளில் வந்தது.

அம்பேத்கரும் கீதையைப் படித்தார். அவருக்கு அது உடன்பாடு இல்லை. மக்களைப் பிறப்பால் நான்கு வருணமாகப் பிரிப்பதற்கு கீதை துணை நிற்கிறது என்று எழுதினார். 1956-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். புத்தரைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்த பிறகு 1957-ல் வெளிவந்தது.

நூல் ஒன்றுதான். ஒருவர் கடமையைப் பார்த்தார். ஒருவர் மனத்தைப் பார்த்தார். ஒருவர் அநீதியைப் பார்த்தார். இவர்களில் யாரும் படிக்காமல் பேசவில்லை.

நாம் எப்படிப் படிப்பது?

நாமும் அப்படிச் செய்யலாம். ஒரு பக்கம் படித்ததும் நிறுத்துங்கள். என்ன சொல்கிறது என்று உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லிப் பாருங்கள். பிறகு கேளுங்கள். இது எல்லா மனிதரையும் மதிக்கிறதா? பெண்களை மதிக்கிறதா? நம் வாழ்க்கைக்கு உதவுமா?

வாழ்வில் முன்னேற வழி சொல்லும் நூல்களும் கடைகளில் விற்கின்றன. தைரியமாக இரு, நேரத்தை வீணாக்காதே, கடன் வாங்காதே என்று சில நூல்கள் சொல்கின்றன. அவற்றைச் செய்து பார்க்கலாம். "இதைச் சொன்னால் நோய் போகும், பணம் கொட்டும்" என்று சில நூல்கள் சொல்கின்றன. அவற்றை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. கைக்காசை இழக்கவும் கூடாது. அச்சில் வந்தது எல்லாம் உண்மை ஆகிவிடாது.

அடுத்தவர் கருத்து நம் கருத்துக்கு மாறாக இருக்கலாம். அதற்காகச் சண்டை வேண்டாம். "எந்த வரியைப் படித்து இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் என்ன மத நூல் உள்ளது? அதை யார் படிக்கிறார்கள்?
2. ராஸ்சுந்தரி தேவி ஏன் ஒளிந்து படித்தார்?
3. காந்தியடிகள் கருத்துக்கும் அம்பேத்கர் கருத்துக்கும் என்ன வேறுபாடு?
4. நீங்களே படித்த ஒரு நூலைப் பற்றி உங்கள் கருத்தை ஐந்து வரியில் எழுதுங்கள்.