மலையில் வேலை, அடிவாரத்தில் வீடு

திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நண்பர்கள் இரவில் வாட்ஸ்அப்பில் கூடினால், பேச்சு வாடகை, குடிதண்ணீர், பிள்ளைகளின் பள்ளி, ஊரில் தனியே இருக்கும் அப்பா அம்மா என்று சுற்றிவந்து, எங்கே குடியிருப்பது என்ற கேள்வியில் முடிகிறது. சம்பளம் எங்கே கூடுதலோ அங்கே குடிபோவதே புத்திசாலித்தனம் என்று பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையையும் அந்த வரிசையில் உள்ள அடிவார ஊர்களையும் பார்த்தால் இந்தத் தீர்ப்பு அவசரமானது என்று புரியும். இங்கே ஏராளமான குடும்பங்களுக்குக் கூலி கிடைப்பது மலைமேல், கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில். வீடு இருப்பதோ தேனி மாவட்டத்து அடிவாரத்தில். காலையில் மலையேறி மாலையில் இறங்கும் இந்த வாழ்க்கையை, மேலே குடியேற வழியில்லாதவர்களின் கதி என்று பார்ப்பது தவறு. லாபநட்டம் கணக்கிட்டு எடுத்த முடிவு அது. அதை மதித்து, அன்றாடப் பயணத்தை உழைப்பின் ஒரு பகுதியாக இரு மாநில அரசுகளும் ஏற்கவேண்டும்.

மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உறவை வகுத்தது மழை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. போடியும் கம்பம் பள்ளத்தாக்கும் மழை மறைவில் இருக்கின்றன. நிழலும் ஈரமும் கேட்கும் ஏலச்செடி மேலே உடும்பன்சோலை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கம் செழிக்கிறது. காய் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை என்பதால், சீசன் மாதங்களில் முற்றியதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்து, சில வாரம் விட்டு மறுபடியும் அதே செடிக்கு வரவேண்டும். இயந்திரத்துக்கு வராத வேலை இது. பெரும்பாலும் பெண்களின் கைகளே செய்கின்றன. பறித்த காய் ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து, ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. அந்த ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் ஒன்று இடுக்கியின் புற்றடி, மற்றொன்று நம் போடி. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இந்த மலைகள் கேரளத்தில் நின்றன, அடிவாரம் சென்னை மாநிலத்தோடு நின்றது. எல்லைக்கோடு விழுந்த பிறகும் தோட்டம், ஆள், சந்தை மூன்றும் ஒன்றையொன்று விடவில்லை.

அப்படியானால் மேலேயே ஏன் குடியேறுவதில்லை? ஒரு குடும்பத்தின் உரிமைகள் அதன் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதுதான் முதல் காரணம். நாடு முழுவதற்குமான ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய ஒதுக்கீட்டு அரிசி கேரளத்திலும் கிடைக்கலாம். தமிழ்நாடு தன் குடும்ப அட்டைக்குத் தரும் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகைக்கும் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைதான் ஆதாரம். ஓட்டு, பட்டா, பிள்ளைகளின் தமிழ்வழிப் படிப்பு, சாதிச் சான்றிதழ் என்று வரிசை நீளும். இரண்டாவது காரணம் பயிரின் நிலையின்மை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், சில ஆண்டுகளுக்குள் சராசரியாக 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 கோடை வறட்சியில் இடுக்கியில் செடிகளே கருகின. இத்தனை ஏற்ற இறக்கமுள்ள ஒரு பயிரை நம்பிக் கூலி வாங்கலாம். வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் அதன்மேல் கட்ட முடியாது. காய் இல்லாத மாதங்களில் அடிவாரத்துத் தோப்பிலும் காட்டிலும் ஏதேனும் வேலை இருக்கும், அவசரத்துக்குக் கைமாற்றுத் தர அக்கம்பக்கம் இருக்கும்.

தோட்டத்திலேயே குடியிருப்பு தரலாமே என்று சிலர் கேட்பார்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெருந்தோட்டங்களில் தங்கி உழைப்போருக்கு வீடு தரச்சொன்னது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் அந்த வகை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தாலும் லயம் தொழிலாளிக்குச் சொந்தமாவதில்லை. வேலையிலிருந்து நிற்கும்போது வீட்டையும் விடவேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் நிலம் சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர்கள். எங்கே வீடு கட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஏலத்தோட்டங்களில் பல சிறு விவசாயிகளுடையவை. பெருந்தோட்டத்துக்கான கடமைகள் அவர்களைத் தொடுவதும் இல்லை. சொந்த வீட்டை விட்டுப் பிறர் தயவில் ஓர் அறை வாங்குவதைவிட, தினமும் மலையேறுவது மேல் என்று ஒரு பெண் முடிவு செய்தால் அதில் தெளிவான நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயத்துக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்து ஏற வேண்டும். முந்தல் சோதனைச்சாவடி தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் எல்லையிலுள்ள போடிமெட்டு. மழைக்காலத்தில் பாறை விழுந்து சாலை அடைபடுவதுண்டு. அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்புகள் கவிழ்ந்த விபத்துகளும் உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எல்லைக்கு அப்பால் தோட்டத்து வாசல்வரை போகவேண்டிய பெண்ணுக்கு அந்தச் சலுகை பாதி வழிகூடத் துணை வருவதில்லை. தேவாரம் பகுதி மக்கள் சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை கேட்பதும் இந்தப் பயணச் சுமையால்தான். கண்ணெதிரே தெரியும் மலைக்குப் போடிமெட்டையோ கம்பமெட்டையோ சுற்றிப் போகவேண்டியிருக்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். காட்டை வெட்டிச் சாலை போடுவது சரியா என்பது ஒன்று. நியாயமான கவலை அது. நிலச்சரிவுக்கு ஆளாகும் சரிவில் புதுச் சாலை வேண்டாம் என்று ஆய்வு சொன்னால் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் சாலையை மறுக்கும் அரசு, இருக்கும் சாலையில் பாதுகாப்பான பேருந்தை விடும் பொறுப்பையும் சேர்த்து மறுக்க முடியாது. கேரளத்தில் நடக்கும் வேலைக்குத் தமிழ்நாடு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இதே கேள்வி ஐரோப்பாவிலும் எழுந்தது. பிரான்சில் குடியிருந்து ஜெனீவாவில் வேலை பார்ப்போர் பலர். அவர்களுக்குப் பள்ளியும் தண்ணீரும் சாலையும் தருவது பிரெஞ்சுப் பகுதிகள், உழைப்பின் பயனும் வரியும் சேர்வது ஜெனீவாவுக்கு. எனவே 1973-இல் ஓர் உடன்பாடு செய்து, அவர்களின் மொத்தச் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை ஜெனீவா அண்டைப் பகுதிகளுக்குக் கொடுத்துவருகிறது. இரண்டு நாடுகளுக்கிடையே சாத்தியமானது, ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்கிடையே ஏன் சாத்தியமாகாது? 2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டபோது மேலே காய் எடுக்க ஆளில்லை, கீழே அடுப்பெரியக் கூலியில்லை. யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வட மாநிலத் தொழிலாளர்கள் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்ய வந்துவிட்டதால், அடிவாரத்து ஆட்களின் தேவையே குறைந்துவிடும் என்றும் சொல்லலாம். அவர்கள் வருவது உண்மை. குடும்பத்தை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கும் நல்ல குடியிருப்பு வேண்டும். ஆனால் குடும்பத்தைப் பிரிவதுதான் வேலைக்குத் தகுதி என்றால், அந்த ஏற்பாட்டில் யாருக்கும் நன்மையில்லை. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கென 1979-இல் வந்த சட்டமும் ஒப்பந்தக்காரர் வழியாக வெளிமாநிலம் போகிறவரையே கருத்தில் கொண்டது. காலையில் எல்லை தாண்டி மாலையில் வீடு திரும்புகிறவர் அதன் கவனத்தில் இருக்கவில்லை.

செய்யவேண்டியவை எளியவை. சீசன் மாதங்களில் காலையும் மாலையும் இரு மாநிலங்களின் கூட்டுப் பேருந்துகள். பேருந்து போகாத தோட்டப் பாதைகளுக்கு ஆள் கணக்கு வரையறுத்து, காப்பீடு கட்டாயமாக்கப்பட்ட ஜீப்புகள். பயணத்தில் விபத்து நேர்ந்தால் பணியிட விபத்தாகவே கருதும் இழப்பீடு. எல்லையின் இருபுறமும் செல்லும் ஒரே தொழிலாளர் அட்டை. எங்கே குடியிருப்பது என்று பேசிக்கொள்ளும் நண்பர்களும் சம்பளத்தோடு வேறு மூன்றைக் கணக்கில் சேர்க்கட்டும்: வேலை போனாலும் வீடு நிலைக்குமா, நம் உரிமைகள் எந்த முகவரியில் இருக்கின்றன, ஆபத்தில் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள். அடிவாரத்துப் பெண்கள் இந்தக் கணக்கை எப்போதோ சரியாகப் போட்டுவிட்டார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைக்காமல் வேலைக்குப் போய்த் திரும்ப வழிசெய்யும் கடமைதான் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இன்னும் மிச்சமிருக்கிறது.