நானோ துகள் ஏந்திவரும் மருந்து

கேரளத்தின் கிழக்கு எல்லையில், கோவை மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள சித்தூர் வட்டம் நெல்லும் தென்னையும் செழித்த பகுதியாகும். தமிழ் பேசுவோர் இங்குக் கணிசமாக வாழ்கின்றனர். இங்குள்ள வேளாண் தொழிலாளப் பெண்ணொருவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டால், மருந்தேற்றிக்கொள்ள வெளியூருக்குப் பயணம் செய்ய நேரிடலாம். ஒவ்வொரு முறையும் அவருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ஒரு நாள் கூலி இழப்பாகும். நானோ துகள் மருந்துகளை மதிப்பிடுகையில் இக்கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இந்நோய்க்குப் பரவலாக அளிக்கப்படும் மருந்துகளுள் ஒன்று பாக்ளிடாக்செல். இது முதலில் அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நீரில் கரையாத இம்மருந்தை, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் கிரெமோபோர் என்னும் பொருளுடனும் ஆல்கஹாலுடனும் கலந்தே செலுத்த வேண்டியிருந்தது. கடும் ஒவ்வாமைக்கு இந்தக் கரைப்பானே பெரிதும் காரணம். ஆகவே, முன்னதாக ஸ்டீராய்டு கொடுத்து, மருந்தைச் சுமார் 3 மணி நேரம் மெல்ல ஏற்றுகின்றனர்.

மருந்தை அல்புமின் புரதத்துடன் இணைத்து, சராசரி 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினால் கரைப்பானே தேவையில்லை. (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு.) ஏற்றும் நேரமும் 30 நிமிடமாகக் குறைகிறது. 2005இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. நோய் பிற உறுப்புகளுக்கும் பரவிய பெண்களிடையே நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், பழைய முறையில் 19 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. புதிய முறையில் 33 விழுக்காட்டினருக்குச் சுருங்கியது. ஆனால் புதிய முறையில் மருந்தின் அளவும் கூடுதல். கை கால்களில் கடும் மரமரப்பு ஏற்பட்டோரும் மிகுதி. இந்தியாவில் டாபர் பார்மா நிறுவனம், பாலிமர் துகள்களில் இம்மருந்தை அடக்கி 2007இல் நானோக்செல் என்ற பெயரில் வெளியிட்டது.

இத்துகள்கள் புற்றுக்கட்டியை மட்டும் தேடிச் சென்று தாக்குவதாகக் கூறப்படுவது சற்று மிகையே. கட்டியின் இரத்தக் குழாய்கள் கசிவுடையவை. அதன் வழியே பெரிய மூலக்கூறுகள் உள்ளே தங்குவதை ஜப்பானிய அறிஞர்கள் 1986இல் விளக்கினர். எனினும், பெரும்பாலும் விலங்குகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, செலுத்திய துகள்களில் நடுமதிப்பாக 0.7 விழுக்காடே கட்டியை எட்டுகிறது. இதுவரை கிடைத்துள்ள உறுதியான ஆதாயம் கரைப்பானைத் தவிர்த்ததும் நேரத்தைச் சுருக்கியதுமே எனலாம்.

2022இல் இந்தியாவில் புதிதாக இந்நோய்க்கு ஆளானோர் சுமார் 1,92,000 பேர் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சாதாரண பாக்ளிடாக்செல் இடம்பெற்றுள்ளது. அதைவிட விலை மிகுந்த துகள் வடிவத்தை வாங்குவது பற்றி மருத்துவமனை முடிவு செய்கையில், மருந்துப் புட்டியின் விலையோடு படுக்கை நேரம், செவிலியர் பணி, ஒவ்வாமைக்கான செலவு ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும். சித்தூர்ப் பெண்ணின் கூலி இழப்போ எந்த மருத்துவமனைக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.